ஃபியூஸ் போனால் ஃபியூஸைத் திட்டாதீர்கள்

மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். இங்கே ஒரு சாமான் ஓடவில்லை என்றால் முதலில் வாயில் வரும் வார்த்தை, "புதுசு வாங்கிடலாம்." நம் ஊரில் முதலில் வரும் வார்த்தை, "இப்போதைக்கு எதையாவது பண்ணி ஓட்டு." இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் போன மாதம் இந்த வீட்டில் நடந்த ஒரு டிரையர் கதையைச் சொல்ல வேண்டும். கூடவே, முப்பத்தைந்து வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத இன்னொரு கதையையும்.

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே முழங்கால் அளவு பனி. நான் காப்பி டம்ளரோடு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். மாடியிலிருந்து மகள் குரல்.

"அப்பா, டிரையர் ஸ்டார்ட் ஆகல."

ஒரு வாரத் துணி. பேத்தியின் ஸ்வெட்டர், பேன்ட், மாப்பிள்ளையின் ஆபீஸ் சட்டைகள், படுக்கை விரிப்பு எல்லாம் ஈரமாக உள்ளே கிடக்கின்றன. நான் மேலே ஏறிப் போவதற்குள் மாப்பிள்ளை கையில் செல்போனோடு வந்துவிட்டார்.

"ஒன்பது வருஷம் ஆச்சு மாமா. ரிப்பேர்க்காரன் வந்து பார்க்கறதுக்கே நூறு டாலருக்கு மேல கேப்பான். எழுநூறு, எண்ணூறுல புதுசு வந்துடும். புதன்கிழமை டெலிவரி போட்டிருக்கான்."

அவர் சொன்ன கணக்கில் தப்பில்லை. இங்கே மனிதர் வந்து நிற்கும் கூலிதான் பெரிசு, சாமான் மலிவு. ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டாரே என்றுதான் எனக்கு இருந்தது.

"மாப்பிள்ளை, அரை மணி நேரம் குடுங்க. பார்க்கறேன்" என்றேன்.

என் சகதர்மிணி கீழேயிருந்தே, "உங்களுக்கு எதுக்கு வேண்டாத வேலை? அது இங்கத்திய கரண்ட்டு" என்றாள். எந்த ஊர் கரண்ட்டாக இருந்தாலும் கம்பியில்தானே போகிறது? தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருஷம் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவன் நான். என் சூட்கேஸில் சாம்பார்ப் பொடிக்கும் புளியோதரைப் பொடிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மல்டிமீட்டர் இருக்கும். இதற்காக வீட்டில் நான் வாங்காத கேலி இல்லை.

டிரையர் பற்றி நம் ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வாஷிங் மெஷினிலிருந்து பிழிந்து வரும் துணியை இதில் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காய்ந்து, சூடாக, இஸ்திரி போட்ட மாதிரி வெளியே வரும். 1938-லேயே இங்கே ஹாமில்டன் என்ற கம்பெனி மின்சார டிரையரை விற்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜூன் டே'. குளிர் நாட்டுக்காரனுக்கு ஜூன் மாத வெயில் என்றால் எவ்வளவு ஏக்கம் என்று அந்தப் பெயரே சொல்லும்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மோட்டார், அது ஒரு பெல்ட்டால் பெரிய உருளையைச் சுற்றுகிறது. அதே மோட்டார் ஒரு காற்றாடியையும் சுற்றுகிறது. காற்றாடி வெளிக்காற்றை இழுத்து, ஹீட்டர் வழியாகச் சூடாக்கி, துணிக்குள் புகுத்தி, ஈரத்தோடு சேர்த்து பின்பக்கமுள்ள நாலு அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசியை (இவர்கள் லின்ட் என்கிறார்கள்) ஒரு வலை பிடித்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

இதை ஸ்டார்ட் பண்ணும் பட்டனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வரிசையாகச் சில காவல்காரர்கள் நிற்கிறார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச். சில மாடல்களில் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச். சூடு எல்லை மீறியதா என்று பார்க்கும் தெர்மல் ஃபியூஸ். இவர்களில் ஒருத்தர் கையை விரித்தாலும் மோட்டார் ஓடாது. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எக்ஸ்சேஞ்சில் நாங்கள் தினமும் பார்த்த வேலையும் அதுவே.

முதலில் கருவியைத் தொடாமல், கண்ணாலும் காதாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்.

முதல் கேள்வி: கரண்ட் வருகிறதா? இங்கே மின்சார டிரையருக்குத் தனி லைன், 240 வோல்ட், 30 ஆம்பியர். நம் ஊரில் 230 வோல்ட் என்பது ஒரு ஃபேஸும் நியூட்ரலும். இங்கே 120 வோல்ட் கம்பி இரண்டு சேர்ந்துதான் 240. பெரும்பாலான டிரையர்களில் ஹீட்டருக்கு 240, மோட்டாருக்கு 120. அதனால்தான் பிரேக்கரில் ஒரு பாதி மட்டும் போனால் சில சமயம் உருளை சுற்றும், ஆனால் சூடு வராது. வேறு சில சமயம் எதுவுமே நடக்காது. எங்கள் மெஷினில் முகப்பு விளக்குகள் எரிந்தன. இருந்தாலும் கீழ்த்தளத்துப் பெட்டிக்குப் போய், டிரையர் பிரேக்கரை முழுசாக ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தேன். (பாதி விழுந்த பிரேக்கர் பார்ப்பதற்கு ஆன் மாதிரியே இருக்கும். முழுசாக ஆஃப் பக்கம் தள்ளினால்தான் மறுபடி நிற்கும்.) மாற்றம் இல்லை.

இரண்டாவது: குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு பட்டன் அழுந்தியிருக்கிறதா? இல்லை. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இந்தப் பூட்டை எடுத்துவிடத் தெரியாமல் ரிப்பேர்க்காரருக்குக் காசு கொடுத்தவர்கள் இருப்பார்கள்.

மூன்றாவது: கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறதா, சுவிட்சை விரலால் அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் வருகிறதா? இரண்டும் சரி.

நாலாவது: உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் அறுந்திருந்தால் காலிப் பானை மாதிரி லேசாகச் சுற்றும். இது கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றியது. பெல்ட் இருக்கிறது.

ஐந்தாவதுதான் முக்கியம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது காதை வைத்துக் கேட்க வேண்டும். 'ம்ம்ம்' என்று முனகினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்று அர்த்தம். எதுவோ சிக்கியிருக்கும், அல்லது மோட்டாரே சரியில்லாமல் இருக்கும். முனகலே இல்லை என்றால் கரண்ட் மோட்டார் வரை போகவே இல்லை. எங்களுடையது வாய் திறக்கவில்லை.

ஆக, காவல்காரர்களில் ஒருத்தர்.

இதற்கு மேல் மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். பிரேக்கரை ஆஃப் செய்தால் போதாதா என்றால், போதாது என்பேன். பிரேக்கர் பெட்டியில் எழுதியிருக்கும் சீட்டு எப்போதும் நிஜம் சொல்வதில்லை. பிளக் உங்கள் கண் முன்னால் தரையில் கிடந்தால்தான் நிம்மதி. கேஸில் ஓடும் டிரையர் என்றால் கேஸ் குழாய் பக்கமே நம்மைப் போன்றவர்கள் போகக்கூடாது. அதற்கு ஆள் வேண்டும்.

மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து மெஷினை முன்னால் இழுத்தோம். பின்பக்கத் தகட்டில் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ. கழற்றினால் உள்ளே, மடித்துச் செருகிய ஒரு காகிதம்! விரித்தால் முழு வயரிங் படமும் அதில் இருக்கிறது. இந்த ஊர் மெஷின்கள் பலவற்றில் இப்படி ஒரு காகிதத்தை உள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். ஒன்பது வருஷமாக அந்தப் படம் அங்கேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. "என்ன மாமா, லாட்டரிச் சீட்டா?" என்றார் மாப்பிள்ளை.

படத்தை வைத்துத் தேடினால், காற்றாடிக் கூட்டின் மேல் சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு. தெர்மல் ஃபியூஸ். ஒரு வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தேன். நன்றாக இருந்தால் 'பீப்' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. மாற்றி மாற்றி வைத்தேன். மௌனம்.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று மகள் கைதட்டினாள். பேத்தியும் காரணம் தெரியாமல் கூடவே தட்டினாள்.

இந்த ஃபியூஸ் ஒரு தடவைதான் வேலை செய்யும். சூடு எல்லை தாண்டினால் உள்ளே தொடர்பு அறுந்துவிடும், மறுபடி சேராது. புதிதுதான் போட வேண்டும். விலை பார்த்தால் பதினெட்டு டாலர், ஆனால் வந்து சேர இரண்டு நாள்.

இங்கேதான் கதையில் திருப்பம். மாப்பிள்ளை அதற்குள் ஒரு வீடியோவைப் பிடித்துவிட்டார். அதில் ஒருவர், ஃபியூஸுக்கு வரும் இரண்டு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, "பாருங்கள், ஓடுகிறது" என்று காட்டுகிறார்.

"மாமா, புது ஃபியூஸ் வர்ற வரைக்கும் இப்படிச் சேர்த்து வெச்சிடலாமா? ரெண்டே நாள்தானே? இந்தத் துணி மட்டும் காஞ்சா போதும்."

நல்ல மனிதர். குழந்தைக்கு மறுநாள் பள்ளிக்கூடம், துணி வேண்டும் என்ற கவலை. நானும் வாயைத் திறந்து "சரி" என்று சொல்லப் போனேன். ஆமாம், சொல்லத்தான் போனேன். கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு வயர். ஒரு நிமிஷ வேலை. எல்லோரும் 'அப்பா சரி பண்ணிட்டார்' என்று கொண்டாடியிருப்பார்கள்.

அப்போது எனக்கு என் அம்மாவின் வலது உள்ளங்கை ஞாபகம் வந்தது.

1988 தீபாவளி. திருச்சியில் பழைய வாடகை வீடு. சுவரில் மரச் சட்டம் அடித்து அதன் மேல் வயர் ஓடும் காலத்து வயரிங். தங்கை குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டி, வாளியில் வெந்நீர்க் கம்பி. முதல் நாள் சாயங்காலம் ஃபியூஸ் போனது. போட்டேன். மறுபடி போனது. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை போனபோது வீடே இருட்டில் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. எனக்குக் கோபம். பழைய வயர் ஒன்றை உரித்து, செப்புக் கம்பி நாலைந்து இழையை முறுக்கி ஃபியூஸ் கட்டையில் கட்டிவிட்டேன். "இனிமே போகாது பாருங்க" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

சொன்னபடியே அது போகவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர்க் கம்பியைப் போட்டார்கள். கிரைண்டரும் ஓடியது. ஃபியூஸ் போயிருக்க வேண்டிய நேரத்தில் அது போகாததால், போகவேண்டியது வேறு இடம் தேடிக்கொண்டது. ரேழியில் போர்டுக்குப் பக்கத்தில் வயர் காய்ந்து, மரச் சட்டம் பற்றிக்கொண்டது. அதற்குக் கீழே கொடியில் மஞ்சள் தடவிய புதுப் புடவைகள், குழந்தைகளின் பாவாடை சட்டைகள். அங்கே படுத்திருந்த அம்மாதான் முதலில் எழுந்தாள். எரிகிற புடவையை வெறும் கையால் இழுத்து முற்றத்தில் எறிந்தாள். யாரோ மெயினை ஆஃப் செய்தார்கள். தீ அதோடு நின்றது. அம்மாவின் உள்ளங்கை ஒரு மாதம் கட்டோடு இருந்தது. பிறகு தோல் சுருங்கி, கடைசி வரை அந்தக் கையை முழுசாக விரிக்க முடியவில்லை.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் ஃபியூஸ் கட்டையை உருவினார். முறுக்கிய செப்புக் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் கையில் கட்டோடு நின்ற அம்மாவையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். "வோல்டேஜ் ஏறிடுச்சும்மா" என்றேன் நான்.

பகலெல்லாம் எக்ஸ்சேஞ்சில் நான் செய்த வேலை என்ன தெரியுமா? அங்கே ஒரு ஃபியூஸ் போனால் விளக்கு எரியும், மணி அடிக்கும். 'ஒரு தடவை மாற்று. இரண்டாவது தடவையும் போனால் ஃபியூஸைத் தொடாதே, பழுதைத் தேடு' என்பது எங்கள் பெரியவர் சொல்லிக் கொடுத்த பாடம். ஆபீஸில் சம்பளத்துக்காகக் கடைப்பிடித்த பாடத்தை என் வீட்டு வாசற்படியில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டேன். அம்மா 2003-இல் போய்விட்டாள். வோல்டேஜ்தான் காரணம் என்று நம்பிக்கொண்டேதான் போனாள்.

இதை அன்று அந்தச் சின்ன அறையில், தரையில் உட்கார்ந்தபடியே மாப்பிள்ளையிடம் சொன்னேன். மகளும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். பாட்டியின் கை ஏன் அப்படி இருந்தது என்று சின்ன வயதில் அவள் கேட்டபோது அவளுக்கும் வோல்டேஜ் கதைதான் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை வீடியோவை நிறுத்தினார்.

"அப்ப இந்த ஃபியூஸ் ஏன் போச்சுன்னு பார்க்கணும், இல்லையா மாமா?"

அதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அவரே கேட்டுவிட்டார்.

பதில் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், வெள்ளிக் காகிதம் மாதிரியான மடிப்புக் குழாய். மெஷினைப் பின்னால் தள்ளித் தள்ளி அது சப்பையாக நசுங்கிக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு, தலையணை அளவுக்கு. மாப்பிள்ளை கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு டார்ச்சோடு வெளியே போய்ப் பார்த்தார். சுவருக்கு வெளியே காற்றுப் போகும் மூடியிலும் பஞ்சு அப்பி, அதன் மேல் பனி உறைந்து, மூடி திறக்கவே வழியில்லாமல் இருந்தது. சூடான ஈரக் காற்று போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றி, ஃபியூஸ் தன் கடமையைச் செய்துவிட்டு உயிரை விட்டிருக்கிறது.

அறிகுறிகள் முன்பே இருந்தன. "ரெண்டு மாசமா ஒரே தடவைல துணி காயறதில்லப்பா, ரெண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கு" என்று மகள் சொன்னாள். அந்த அறை எப்போதும் புழுக்கமாக இருக்கும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நான்கூட அங்கே போய் நிற்பேன்! மெஷின் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் காது கொடுக்கவில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்து, ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நடப்பதாகச் சொன்னது. அதில் முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விடுவது. பஞ்சு எப்படிப் பற்றும் என்று கார்த்திகை விளக்குக்குத் திரி போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன்.

"புதுசு வாங்கிடலாம்" என்று முடிவு செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? புதன்கிழமை புது மெஷின் வந்திருக்கும். பழையதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். புதியதை அதே நசுங்கிய குழாயில், அதே அடைத்த மூடிக்கு முன்னால் மாட்டியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அதன் ஃபியூஸும் போயிருக்கும். "இந்தக் காலத்து சாமானே இப்படித்தான்" என்று கம்பெனியைத் திட்டியிருப்போம். எண்ணூறு டாலர் செலவு செய்தும் பழுது வீட்டிலேயே இருந்திருக்கும். "எதையாவது பண்ணி ஓட்டு" என்று வயரைச் சேர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என் அம்மாவின் கை சொல்லும்.

இரண்டு வழிக்கும் பின்னால் இருப்பது ஒரே அவசரம்தான். 'ஏன்' என்று கேட்காத அவசரம்.

மாப்பிள்ளை பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரிட்டையர்டு ஆசாமிக்கு அரை நாள் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரம்தான் காசு. மோட்டாரே எரிந்துபோய், உருளைத் தாங்கிகளும் தேய்ந்து, பதினைந்து வயசான மெஷின் என்றால் நானே புதிது வாங்குங்கள் என்பேன். எதையும் தூக்கிப் போடாமல் பரணில் அடுக்குவது சிக்கனம் இல்லை, அது ஒரு நோய். (என் வீட்டுப் பரணைப் பார்த்தவர்கள் சிரிக்க வேண்டாம்.) நான் சொல்வது ஒன்றே ஒன்று. தீர்ப்பு எழுதும் முன் விசாரணை நடக்கட்டும். அந்த விசாரணைக்குத் தேவை ஒரு மீட்டரும் அரை மணி நேரமும்.

மெஷின் செய்கிற கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த மடித்த காகிதம் இல்லை என்றால் நான் அரை நாள் தடுமாறியிருப்பேன். படமும் உதிரிப் பாகமும் கிடைத்தால்தான் மனிதன் ரிப்பேர் பற்றி யோசிப்பான். ஐரோப்பாவில் 2021 முதல் வாஷிங் மெஷின் பாகங்களைப் பத்து வருஷம் வரை கொடுக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். இங்கே மினசோட்டா, கலிஃபோர்னியா மாநிலங்கள் 2023-இல் இயற்றிய ரிப்பேர் உரிமைச் சட்டங்களில் வீட்டுச் சாமான்களும் உண்டு. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் சட்டம் பாகத்தைக் கொடுக்கும், படத்தைக் கொடுக்கும். 'ஏன்' என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி வீடு திருவிழாக் கோலம். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் சட்டைகள், குளியலறைக் கம்பியில் பேன்ட், மாடிப்படி கைப்பிடியில் படுக்கை விரிப்பு. என் சகதர்மிணி, "வெயில் காலத்துல கொல்லையில ஒரு கொடி கட்டிக்குங்கன்னா கேக்கறேளா?" என்று ஆரம்பித்தாள். இங்கே பல குடியிருப்புகளில் வெளியே துணி உலர்த்தக்கூடாது என்று சங்கம் விதி வைத்திருக்கிறது. துணி காயப்போடும் உரிமைக்காகச் சில மாநிலங்களில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் அவள் நம்பவில்லை.

இரண்டு நாளில் ஃபியூஸ் வந்தது. அதைப் போடுவதற்கு முன் மீட்டரை வைத்து ஹீட்டர் சுருள் உடைந்து உடம்பைத் தொடுகிறதா என்று பார்த்தேன். தொடவில்லை. பழைய மடிப்புக் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, கெட்டியான உலோகக் குழாய் வாங்கி, கூடியமட்டும் நேராக மாட்டினோம். வளைவு அதிகமானால் காற்றுக்கு மூச்சு முட்டும். பொதுவான கட்டட விதியே குழாயின் நீளம் 35 அடிக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு செங்குத்து வளைவுக்கும் அதில் 5 அடி குறைத்துக்கொள் என்கிறது. பஞ்சு பிடிக்கும் வலையைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்றது. துணிக்கு வாசனையும் மென்மையும் வர வைக்கும் காகிதம் போடுகிறார்களே, அதன் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிறது. சோப்புப் போட்டு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் தண்ணீர் சல்லென்று இறங்கியது.

பட்டனை அழுத்தும் பெருமையைப் பேத்திக்குக் கொடுத்தோம். 'டுர்ர்' என்று உருளை சுற்றியது. வெளியே போய் மூடிக்கு முன்னால் கையை நீட்டினேன். பனிக்கு நடுவில் நல்ல வெந்நீர் ஆவி மாதிரி காற்று அடித்தது. அந்த வண்டித் துணி ஒரே தடவையில் காய்ந்தது.

டிரையர் உள்ள வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கும் நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு தடவையும் பஞ்சு வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நாமே கூடச் செய்யலாம், நமக்கு அங்கே வேறு என்ன வேலை? துணி காய வழக்கத்தைவிட நேரம் அதிகமானால் அன்றைக்கே பின்பக்கக் குழாயைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வெளி மூடி வரை சுத்தம் செய்யுங்கள். எல்லோரும் தூங்கும்போதோ வெளியே போகும்போதோ அதை ஓட விடாதீர்கள். பொசுங்கல் வாசனை வந்தாலோ, பிரேக்கர் மறுபடி மறுபடி விழுந்தாலோ தொடாதீர்கள். காசு போனால் போகிறது, ஆளைக் கூப்பிடுங்கள்.

போன வாரம் மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்ததும் நேராக மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு உருண்டை சாம்பல் நிறப் பஞ்சு. "இன்னிக்கு கலெக்ஷன் மாமா" என்று காட்டிவிட்டுக் குப்பையில் போட்டார். டிரையருக்கு மேலே சுவரில் மகள் ஒரு காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அந்த வயரிங் படம். பழைய ஃபியூஸை நான் என் சூட்கேஸில், மல்டிமீட்டர் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனதும் அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். அங்கே நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.